பாதி ஓடிய மேளம்

மைக் செட் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு எழுதுகிறேன். இப்போது தங்கைகளும் வருகிறார்கள். நல்லது.

ஒயர் இழுப்பது, ஸ்பீக்கர் கட்டுவது, ஜெனரேட்டர் ஓட்டுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. நாலு விசேஷத்துக்குப் போனால் அதெல்லாம் தானாகக் கைக்கு வரும். கூட்டம் மொத்தமும் உங்களைப் பார்த்துக் கத்தும்போது என்ன செய்வது என்பது மட்டும் அப்படி வராது. எனக்கும் வெகுநாள் வரவில்லை.

எனக்குத் தொழில் காட்டியவர் பேச்சில் கஞ்சன். பெயரும் போட்டுக்கொள்ள மாட்டார், அதனால் நானும் போடவில்லை. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து ஸ்பீக்கர் ஊளையிட்டது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பதறிப்போய் இருக்கிற குமிழையெல்லாம் திருகினேன். ஊளை கூடியது. அவர் வந்தார். என் இரண்டு கையையும் பிடித்து என் கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் விட்டார்.

"கை உள்ளயே இருக்கட்டும். மொதல்ல காது" என்றார்.

பிறகு மைக்கை எடுத்து, ஸ்பீக்கரைப் பார்க்காதபடி திருப்பி வைத்தார். ஊளை நின்றது. குமிழ் எதையும் அவர் தொடவில்லை.

அது என் நினைவில் தங்கிவிட்டது. அது உதவிய ஒரு நாளைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் அடிவாரத்துக்காரன். உழுகிற காடு கொஞ்சம் உண்டு. அது போக செட். கொல்லிமலைக்குச் செட் ஏற்ற ஆரம்பித்தது தொண்ணூற்றேழு வாக்கில். அப்போது கேசட். மலைப் பனிக்கு கேசட் தாங்காது. பீரோவில் வைத்தாலும் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். பிறகு சி.டி. வந்தது. கொண்டை ஊசி வளைவில் ஜீப்பில் ஏற்றி இறக்கினால் அதில் கீறல் விழும். பாட்டு ஒரே இடத்தில் நின்று திக்கும். பிறகுதான் போனும், அதில் போடுகிற நகம் அளவு கார்டும் வந்தன. பெட்டி பெட்டியாகச் சுமந்த பாட்டை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறினேன். பெரிய நிம்மதி.

கார்டில் ஏற்றிக் கொடுத்தது செம்மேட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த கவிதா. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை. தாலுகா ஆபீசுக்கு மனு டைப் அடிப்பது, ஜெராக்ஸ், கூடவே இது. சின்ன வயது. கெட்டிக்காரி. கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லும்.

பூஞ்சை பிடித்த கேசட்டையெல்லாம் ஒரு சாக்கில் அள்ளிப் போய் அவள் மேசையில் கொட்டினேன்.

"எல்லாம் ஒரே கார்டுல அடங்கணும் கண்ணு" என்றேன்.

"அடங்கும்ங்ணா. ஆனா ரொம்பச் சுருக்கோணும்."

"சுருக்கு."

"எப்படிச் சுருக்கறதுன்னு நாலு விதம் இருக்குதுங்க. ப்ரொஃபைல்னு சொல்லுவாங்க."

"அப்படின்னா?"

அவள் யோசித்தாள். வாசலில் ஒரு ஜீப் நின்றது. அதைக் காட்டினாள்.

"சைக்கிள் கடைக்காரர் பெட்டியில என்ன இருக்கும்? நாலு ஸ்பேனர், பஞ்சர் ஒட்டற சாமான். ஜீப் மெக்கானிக் பெட்டியில அதுக்கு மேல பத்துச் சாமான் இருக்கும். பாட்டைச் சுருக்கறதுக்கும் அப்படித்தான் டூலு இருக்குது. காதுக்குக் கேக்காததை வெட்டறதுக்கு ஒண்ணு. வலது இடது ரெண்டுலயும் ஒரே சத்தமா இருந்தா ஒரு தடவை மட்டும் எழுதறதுக்கு ஒண்ணு. அடி விழற இடத்துல சத்தம் கலங்காம இருக்கறதுக்கு ஒண்ணு. எந்தெந்த டூலைச் சேத்து ஒரு பெட்டி கட்டியிருக்குதோ, அந்தப் பெட்டிக்குப் பேருதான் ப்ரொஃபைல்."

"சரி. எந்தப் பெட்டி நல்ல பெட்டி?"

"எல்.சி.ன்னு ஒண்ணு இருக்குது. பழசு. எல்லாப் போனுக்கும் தெரியும். ஆனா இடம் நெறைய எடுக்கும். ஹெச்.இ.ன்னு ஒண்ணு புதுசா வந்திருக்குது. அதுல ஒரு டூல் கூட. கூரான சத்தத்தையெல்லாம் அது சுமந்துட்டே போறதில்லை. கனமான கீழ்ச் சத்தத்தை மட்டும் எடுத்துட்டு, அதை வெச்சு மேல் சத்தத்தை எப்படிச் செஞ்சுக்கறதுன்னு ஒரு குறிப்பு எழுதி உள்ள வெச்சுடும். கேக்கற இடத்துல அந்தப் போனே செஞ்சுக்கும்."

எனக்குப் புரியவில்லை. அது முகத்தில் தெரிந்திருக்கும்.

"கெழங்கு மாவைக் குடுத்துட்டு, பக்குவத்தைச் சீட்டுல எழுதிக் குடுக்கற மாதிரிங்ணா. பலகாரத்தைத் தூக்கிட்டுப் போக வேண்டியதில்லை. போற ஊட்டுல சுட்டுக்குவாங்க."

"நல்லாத்தானே இருக்குது. அதுலயே போடு."

கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினாள். சுருக்கியதே தெரியவில்லை. பிறகு கார்டை என் போனில் போட்டேன். பாட்டு வந்தது. தலையாட்டினேன். அவளும் தலையாட்டினாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் தொழிலில் சோதனை என்றால் என்ன? 'ஹலோ, ஒன் டூ த்ரீ.' சத்தம் வந்தால் சரி. வராவிட்டால் ஒயரைப் பார். இப்படித்தான் எல்லோரும் பழகியிருக்கிறோம். சத்தம் வந்து, அதிலும் குறை இருக்கும் என்று ஒரு செட்டுக்காரனுக்குத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

இனி சடையன் கதை.

மலையில் திருப்புலி நாடு என்கிற பகுதியில் ஒரு சின்ன ஊர். வருஷா வருஷம் அங்கே அம்மன் திருவிழாவுக்கு, அவர்கள் பேச்சில் நோன்பிக்கு, என் செட்தான். நோன்பியில் முக்கியம் ஆட்டம். ஆண்கள் வட்டமாக நின்று ஆடுவார்கள். மேளம் சடையன். சுற்றுவட்டத்தில் அப்படி மேளம் அடிக்க ஆள் கிடையாது. இடது பக்கம் தடிக்குச்சி. வலது பக்கம் மூங்கில் சிம்பு. அந்தச் சிம்பின் முனையில் சோடா மூடிகளைத் தட்டையாக்கிக் கம்பியில் கோத்திருப்பார். தடிக்குச்சி 'தொம்' என்றால் கால் வைக்க வேண்டும். சிம்பு 'சல்' என்றால் திரும்ப வேண்டும். சொல்ல இவ்வளவுதான். ஆனால் எந்த அடியில் 'சல்' விழும் என்பது சடையனுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிப் போடுவார். ஆடுகிறவன் காதைத் தீட்டி வைத்துக்கொண்டே ஆட வேண்டும். தப்பாகத் திரும்பியவனை ஊரே கேலி செய்யும். அதுதான் அந்த ஆட்டத்தின் ருசி.

ஒரு வருஷம் அவர் மேளத்தை என் டேப்பில் பதிந்து வைத்தேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. நன்றாக இருந்தது, பதிந்தேன்.

"போட்டுக் காட்டட்டுங்களா?" என்று கேட்டேன்.

"கேக்கறதுக்கா நான் அடிக்கறேன்? போங்க" என்றார்.

"நீங்க ஆடவே மாட்டீங்களா?"

"ஆடறதுக்கு ஊரு இருக்குது. அடிக்கறதுக்கு நான்தானே இருக்கறேன்."

பேச்சு அவ்வளவுதான். அந்த கேசட்டும் சாக்கில் இருந்தது. அதையும் கவிதா கார்டில் ஏற்றியிருந்தாள். கேசட் அதோடு சரி. நாடா அறுந்துவிட்டது.

அந்த வருஷம் நோன்பிக்குக் கொஞ்ச நாள் முன்பு, மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறிய சடையன் ஏணி சரிந்து விழுந்தார். வலது கை முறிவு. இடது மணிக்கட்டு பிசகு. நான் செட்டோடு போய் இறங்கியபோது இரண்டு கையையும் மூங்கில் பத்தை வைத்து நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கட்டின பொட்டலம் மாதிரி கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை.

கை கூடிவிடும். அவர் கவலை கை இல்லை. முறை.

அந்த ஊரில் மேளம் அடிக்கிற முறை சடையன் குடும்பத்துக்கு. அவர் அப்பன், அப்பாரு காலத்திலிருந்து. நோன்பி அன்று வேறு கை மேளத்தைத் தொட்டால், முறை அந்தக் கைக்குப் போய்விடும். திரும்பாது. அடுத்த தலைமுறைக்கும் கிடையாது. இது அங்கே சட்டம். ஒத்தாசைக்குக்கூட இன்னொருவர் ஒரு தட்டுத் தட்ட முடியாது.

பக்கத்து ஊர் வெள்ளையன் மேளத்தைத் தோளில் மாட்டி வந்து தயாராக நின்றான். சடையனுக்கு மச்சினன் முறை. அவர் தங்கையைத்தான் கட்டியிருந்தான். இளம் வயது. அடிவாரத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் போய் அடித்து நல்ல பேர் வாங்கியவன். வாய் கொஞ்சம் நீளம்.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க செட்டுக்காரரே, சடையன் அடிச்சதை நீங்க புடிச்சு வெச்சிருக்கறதாப் பேச்சு. நெசமா?"

"நெசம்தானுங்க."

"அதைப் போட முடியுமா?"

"முடியும்ங்க."

கூட்டத்தில் சலசலப்பு. பெட்டியில் வருகிற மேளத்துக்குச் சாமி வருமா என்றார் ஒருவர். கவுண்டர் கையை உயர்த்தினார்.

"அடிச்சது யாரு கை? சடையன் கை. மூணு சுத்து ஆட்டம், பொழுது சாயறதுக்குள்ள முடியோணும். முடிஞ்சா முறை சடையனுக்கே. நடுவுல தடைபட்டா வெள்ளையன் மேளத்தைத் தொடுவான். அப்பறம் யாரும் ஒண்ணும் பேசக்கூடாது."

சடையன் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்கு முன்பு ஒருவர் குடும்ப முறை என் செட்டை நம்பி நின்றதில்லை.

குழாய் ஸ்பீக்கர் வேண்டாம் என்று பெட்டி ஸ்பீக்கரை இறக்கினேன். போனைச் செருகினேன். ஆட்டக்காரர்கள் வட்டம் கட்டினார்கள். ஓட விட்டேன்.

தொம். தொம். தொம்.

நெஞ்சில் இடிக்கிற மாதிரி வந்தது. கால்கள் எழுந்தன. எனக்குப் பெருமை. ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு நிமிஷம் போயிற்று. யாரும் திரும்பவில்லை. வட்டம் விரிந்துகொண்டே போனது. முன்னால் போனவன் மரவள்ளிக் காட்டு வேலியில் போய் முட்டினான். ஒருவன் தானாக யூகித்துத் திரும்பினான். பின்னால் வந்தவன் அவன் மூக்கில் மோதினான்.

"யோவ், எப்பய்யா திரும்பறது?"

"மேளம் சொல்லவே இல்லையே!"

"இப்படியே போனா செம்மேடு போய்ச் சேந்துருவோம்!"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஆட்டம் நின்றது. நான் போனை நிறுத்தினேன்.

"என்ன அண்ணே, பொட்டிக்குக் காய்ச்சலா?" என்றான் வெள்ளையன்.

'சல்' இல்லை. அந்தச் சோடா மூடிச் சத்தம் மொத்தமாகக் காணோம். 'தொம்' மட்டும் இருந்தது.

எல்லோரும் கத்தினார்கள். சத்தத்தைக் கூட்டு என்றார் ஒருவர். குறை என்றார் இன்னொருவர். நானும் கூரான சத்தத்துக்கு உள்ள குமிழைக் கடைசி வரை திருகி மறுபடி ஓட விட்டேன். 'உஸ்' என்ற இரைச்சல்தான் கூடியது. இல்லாத ஒன்றைக் கூட்ட முடியாது.

"தடைபட்டுப் போச்சுங்க. வெள்ளையனை அடிக்கச் சொல்லுங்க" என்று ஒரு குரல்.

"ஒரு சுத்துக்கூட முடியலையே!"

சடையன் மனைவி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "அவசரப்படறவீங்க ஊட்டுக்குப் போங்க. எங்க ஊட்டுக்காரர் கை ஒடிஞ்சு கெடக்குது, வாய் ஒடியலை. அவரு சொல்லட்டும்" என்றாள்.

சடையன் கட்டின கையோடு என் ஸ்பீக்கரையே பார்த்தார்.

நான் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டேன்.

சும்மா நின்றேன். என்னமோ முணுமுணுத்தார்கள். சிலர் வைதார்கள். வையட்டும். யோசித்தேன். கவிதா கடையில் இதே மேளம் ஓடியது. அங்கே 'சல்' இருந்ததா? இருந்தது. அதைக் கேட்டு அவள் நாற்காலியிலேயே தோளை ஆட்டினாள். அது நன்றாக ஞாபகம் இருந்தது. அப்படியானால் கார்டுக்குள் 'சல்' இருக்கிறது. அங்கே கேட்டது, இங்கே கேட்கவில்லை. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் காலையில்தான் பழைய சி.டி. பிளேயரை வைத்துச் சினிமாப் பாட்டுப் பாடின. ஜால்ராச் சத்தமெல்லாம் ஒழுங்காக வந்தது. அதில் குறை இல்லை. மீதி இருப்பது போன்.

கிழங்கு மாவு. பக்குவச் சீட்டு.

என் போனுக்கு அந்தச் சீட்டைப் படிக்கத் தெரியவில்லை. அதற்கு எல்.சி. என்ற பழைய பெட்டிதான் தெரியும். மாவை மட்டும் கொட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது. தனக்குத் தெரியாது என்று சொல்லவும் இல்லை.

தம்பிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அறவே ஓடாத ஃபைலுக்குப் பயப்படாதீர்கள். அது வீட்டிலேயே காட்டிக் கொடுத்துவிடும். பாதி ஓடுகிற ஃபைல்தான் மேடையில் கவிழ்க்கும்.

கவுண்டரிடம் போனேன்.

"கெட்டுப் போகலைங்க. மேளம் முழுசா உள்ள இருக்குது. என் போனு பழசு, பாதியைத்தான் படிக்குது. புதுப் போன் ஒண்ணு கெடச்சா வந்துரும்னு நெனைக்கறேன். உறுதி சொல்ல முடியாது."

"நெனைக்கறீங்களா?"

"ஆமாங்க. நெனைக்கத்தான் செய்யறேன்."

அவர் மேற்கே பார்த்தார். வெயில் இன்னும் இருந்தது. "மேளமே முழுசா வரலை, ஆட்டம் தொடங்கினதாக் கணக்கில்லை. பொழுது சாயற வரைக்கும்தான்" என்றார்.

அந்தக் காலத்தில் மலையில் போன் வைத்திருந்தவர்கள் சொற்பம். வாத்தியார் ஒருவரிடம் இருந்தது. என்னுடையதைவிடப் பழசு. கார்டு போட இடமே இல்லை. ஜீப் டிரைவர் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். மிச்சம் ஒரே ஒரு ஆள்.

வெள்ளையன். கல்யாணக் கச்சேரிக்குப் போய் வருகிறவன். பளபளவென்று புதுப் போன் சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது.

ஒரு கணம் யோசித்தேன். சும்மா ஒரு போன் பண்ண வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கலாம். அங்கே டவர் இல்லை, அந்தப் பொய் ஒரு நிமிஷம்கூட நின்றிருக்காது. அது ஒரு பக்கம். என்னதான் ஆனாலும் அவனும் மேளக்காரன். நேராகப் போய் நின்றேன்.

"வெள்ளையா, உன் போனைக் குடு. அதுல இந்தக் கார்டைப் போட்டா மாமன் மேளம் முழுசா வரும்னு நெனைக்கறேன். வந்துட்டா உனக்கு முறை இல்லை. தெரிஞ்சே கேக்கறேன்."

பக்கத்தில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

அவன் என்னைப் பார்த்தான். சடையனைப் பார்த்தான். தோளில் தொங்கிய மேளத்தை லேசாகத் தூக்கி இறக்கினான்.

"ஏனுங்ணா, என் போனுல மாமன் அடிச்சா, முறை எனக்குத்தானே வரோணும்? போன் என்னுதாச்சே!" என்று உரக்கச் சொன்னான்.

"அட கிறுக்கா" என்றார் கவுண்டர். "முறைக்குக் கணக்கு அடிச்ச கையி. போனு யாருதா இருந்தா என்ன? அப்படிப் பாத்தா ஜெனரேட்டர்க்காரனுக்கும் ஒரு பங்கு குடுக்கோணும்!"

கூட்டம் சிரித்தது. வெள்ளையனும் சிரித்தான். போனை எடுத்து நீட்டினான்.

"நடுவுல என் ரிங்டோன் வந்துச்சுன்னா அதுக்கும் ஆடோணும், சொல்லிட்டேன்."

"இங்க டவர் எங்கடா இருக்குது, ரிங்டோன் வர்றதுக்கு!"

கார்டை மாற்றினேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு பின். அவன் போனுக்கு என் ஒயர் சேருமா என்பதே சந்தேகம். பெட்டியில் கிடந்த மாற்றுப் பின் ஒன்று சேர்ந்தது. பாதி உயிர் வந்தது. ஸ்பீக்கரில் விடாமல், முதலில் ஹெட்போனைக் காதில் மாட்டி ஓட்டினேன். ஊரே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தொம். தொம். தொம். சல்.

அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததைப் பார்த்து எல்லாம் போயிற்று என்று நினைத்து சடையன் மனைவி "அம்மா!" என்று கத்தினாள்.

"வந்துருச்சுங்க" என்றேன். "வந்துருச்சு."

ஸ்பீக்கரில் விட்டேன்.

முதல் 'சல்'லுக்கு மொத்த வட்டமும் ஒரே வெட்டாகத் திரும்பியது. தூசி எழும்பியது. முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் 'சல்' இடம் மாறி விழ, இரண்டு பேர் ஏமாந்து தப்பாகத் திரும்பினார்கள். ஊர் கைகொட்டிக் கேலி செய்தது. அப்போதுதான் எனக்கு நிச்சயமாயிற்று, அது சடையன் மேளமேதான் என்று.

மலை இறங்கும் வழியில் கவிதா கடையில் நின்று நடந்ததைச் சொன்னேன். "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்க போனுல போட்டப்ப பாட்டு வந்துச்சே, அதனால நானும் விட்டுட்டேனுங்ணா" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் புதுப் பெட்டியைக் கட்டியவர்களே அப்படித்தான் கட்டியிருக்கிறார்களாம். பழைய போனிலும் ஏதாவது ஓடட்டும், ஒன்றும் ஓடாமல் போக வேண்டாம் என்று. நல்ல எண்ணம்தான். சடையனுக்குத்தான் அது பாதகமாகப் போகப் பார்த்தது. எல்லாவற்றையும் எல்.சி.யில் மாற்றிக் கொடுத்தாள். ஒரு கார்டில் அடங்கவில்லை. சுமந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தப் பொருளில் ஓடப் போகிறதோ அதே பொருளில், அதே ஸ்பீக்கரில், முழுசாகக் கேட்காமல் எதையும் மேடைக்குக் கொண்டுபோவதில்லை. கேட்கும்போது சத்தம் வருகிறதா என்று பார்க்க மாட்டேன். இன்னின்ன சத்தம் வர வேண்டும் என்று முதலில் மனதில் எண்ணிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடுவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். இன்றைக்கு எல்லாப் போனும் எல்லாப் பெட்டியையும் படிக்கும் என்பீர்கள். நாளைக்கு இன்னொரு பெட்டி வரும்.

மறுபடி அந்த நோன்பிக் கதைக்கு வருகிறேன். மூன்றாவது சுற்று தொடங்கும்போது வெள்ளையன் என் பக்கத்தில் வந்து குந்தினான். மேளத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். தடவிக்கொடுத்துக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்தான்.

"மனசு இல்லாமத்தான் குடுத்தயா?" என்று கேட்டேன்.

"முறை எனக்கு வேணும்ங்ணா. வேண்டாம்னு பொய் சொல்ல மாட்டேன்." மேளத்துக்குக் காது கொடுத்தான். ஒரு 'சல்' விழுந்தது. "ஆனா மாமன் ரெண்டு கையும் கட்டிட்டு உக்காந்திருக்கறப்ப வேண்டாம். அவரு அடிச்சு, நான் அடிச்சு, ஊரு பாத்து எனக்குக் குடுக்கட்டும். இல்லாட்டி ஊட்டுல சோறு கெடைக்குங்களா? எம் பொண்டாட்டி அவரு தங்கச்சி."

பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று என் தோளில் இடித்தான். "அங்க பாருங்க."

சடையன் எழுந்து நின்றார். இரண்டு கையும் நெஞ்சோடு கட்டு. ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருடைய கால் மட்டும் மண்ணில் தட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி, "போங்க, போய் ஆடுங்க. வேலைதான் இல்லையே இன்னைக்கு" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

வட்டத்துக்குள் போனார். நோன்பி மேளம் எடுத்த நாள் முதல் அவர் அதற்குள் கால் வைத்ததில்லை. ஆட்டக்காரர்கள் இடம் விட்டார்கள்.

தொம். தொம். சல்.

வட்டம் வலப்பக்கம் திரும்பியது. சடையன் இடப்பக்கம் திரும்பினார். எதிரே வந்தவன் அவர் கட்டில் மோதாமல் நெளிந்து தப்பினான். ஊர் சிரித்தது. மறுபடி. தொம். தொம். தொம். தொம். சல். இந்த முறை ஒரு அடி தாமதம். அவர் போட்ட அடியே அவருக்குப் பிடிபடவில்லை. மூச்சு வாங்கியது. முகம் மட்டும் மலர்ந்துகொண்டே போனது.

மேளம் வேகம் எடுத்தது. எப்போதும் மூன்றாவது சுற்றின் கடைசியில் அவர் விரட்டி அடிப்பார். ஆடுகிறவர்களைத் திணறடிப்பதில் அவருக்கு ஒரு குஷி.

சடையன் தடுமாறினார். கையால் சமாளிக்க முடியாது, கட்டு. என்னைப் பார்த்து, இரைக்க இரைக்கக் கத்தினார்.

"எவன்டா அடிக்கறவன்! மெதுவா அடிக்கச் சொல்லுங்க அவனை!"

ஊர்க்கவுண்டர் முதற்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வெள்ளையன் மேளத்தின் மேல் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

நான் குமிழைத் தொடவில்லை. கை பாக்கெட்டிலேயே இருந்தது.